துரைக்கு இறக்கம் தெரியாது

அந்த டிரைவிங் மாஸ்டரிடம் கார் ஓட்டப் பழகியவர்கள் இரண்டு விஷயத்தை ஆயுசுக்கும் மறப்பதில்லை. ஒன்று கிளட்ச். இன்னொன்று மாஸ்டரின் வாய்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். வெள்ளை நிறத்தில் சின்னக் கார், கூரைமேல் சிவப்பு எழுத்துப் பலகை, அவர் உட்காரும் பக்கத்தில் தனியாக ஒரு பிரேக்கும் கிளட்சும். ஓட்டுகிறவர் தப்புச் செய்தால் மாஸ்டர் தன் காலாலேயே வண்டியை நிறுத்திவிடுவார். நிறுத்திய கையோடு அர்ச்சனை ஆரம்பமாகும். "அந்தக் கண்ணாடி எதுக்கு வச்சிருக்கு மேடம், தலை சீவிக்கவா?" என்பார். "கியரை மாத்தச் சொன்னா பிடுங்கி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவீங்க போலிருக்கே" என்பார். பெரிய ஆஸ்பத்திரியில் நூறு பேரை அதட்டி வேலை வாங்கும் டாக்டரம்மா ஒருவர், முதல் வாரம் முழுக்க அந்தக் காரிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இறங்கினார். இருந்தாலும் கூட்டம் அவரிடம்தான் வந்தது. அவரிடம் பழகியவர்களுக்கு லைசென்ஸ் தட்டிப்போனதாகச் சரித்திரமே இல்லை. திட்டு வாங்கினால்தான் வித்தை ஏறும் என்று ஊரே நம்பியது, ஊரைவிட மாஸ்டர் அதிகமாக நம்பினார்.

அப்பேர்ப்பட்டவரைத் தன் காலடியில் உட்காரவைத்தது ஒரு பறவை. உள்ளங்கையில் வைத்தால் வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் அதன் உருவம்.

மாஸ்டரின் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. அக்கம்பக்கத்தில் அவளுக்கு மாஸ்டரம்மா என்று பேர். வாய்ப்பேச்சு குறைவு. கணவர் பேசுகிற பேச்சுக்கு வீட்டில் இன்னொருவர் பேச இடமும் கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம். கடைக்கு வழக்கமாக வரும் ஒரு டீச்சர், வேலை மாற்றலாகிப் போகும்போது தான் வளர்த்த காக்டெயில் பறவையைக் கூண்டோடு கொண்டுவந்து அவள் கையில் திணித்துவிட்டுப் போனார். கிளி ஜாதிதான், கிளியைவிடக் கொஞ்சம் ஒல்லி. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு ஆரஞ்சு வட்டம். தலைமேல் ஒரு கொண்டை. கொண்டை படுத்திருந்தால் மனசு குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நட்டுக்கொண்டு நின்றால் எட்ட நிற்பது நல்லது. கூண்டைக் கொண்டுவந்து ஹாலில் மாட்டியதும் அது வீட்டை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தது. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர், பிடிக்காமல் போனாலும் மரியாதைக்காகச் சுற்றிப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. மாஸ்டரம்மா அப்போதே அதற்குத் துரை என்று பேர் வைத்துவிட்டாள்.

துரை வந்த பிறகு அந்த மூன்றாவது மாடி வீட்டின் சட்டதிட்டங்கள் எல்லாம் மாறின. விடிவதற்கு முன்னால் விசில். அதை நிறுத்த ஒரே வழி, எழுந்துபோய்க் கூண்டின் மேல் மூடியிருக்கும் துணியை எடுத்துவிட்டு, "எழுந்துட்டீங்களா துரை" என்று கேட்பது. தினையை உரித்துத் தின்றுவிட்டு உமியை நாலாபக்கமும் ஊதித் தள்ளும். உமி சோபாவுக்கு அடியில் இருந்தது, செருப்புக்குள் இருந்தது, மடித்து வைத்த சட்டைக்குள் இருந்தது. லைசென்ஸ் ஆபீசில் அதிகாரிக்கு முன்னால் பேனா எடுக்க மாஸ்டர் பைக்குள் கையை விட்டபோது மேஜையெல்லாம் உமி கொட்டியது. அதிகாரி அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். போதாக்குறைக்கு உடம்பிலிருந்து உதிரும் வெள்ளைத் தூள் வேறு. டிவியைத் துடைத்துத் திரும்புவதற்குள் மறுபடி படிந்திருக்கும். ரிமோட்டில் இருந்த பொத்தான்களில் பாதியைத் துரை கொறித்துத் துப்பிவிட்டதால், அந்த வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டலாம், குறைக்க முடியாது.

எல்லாவற்றையும்விட மாஸ்டரின் உயிரை வாங்கியது அந்த ரிவர்ஸ் சத்தம். வண்டியைப் பின்னால் எடுத்தால் 'பீப் பீப்' என்று கத்துமே, அதைத் துரை அச்சு அசலாகப் பிடித்துக்கொண்டது. மாஸ்டர் சாப்பிட உட்கார்ந்த நேரமாகப் பார்த்து எடுத்துவிடும். யாரோ தன் காரை எடுக்கிறான் என்று எச்சில் கையோடு பால்கனிக்கு ஓடுவார். கார் நிறுத்திய இடத்தில் சமர்த்தாக நிற்கும். திரும்பி வந்தால் துரை கொண்டையைப் படுக்கப்போட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டார். காரில் கத்துகிற அதே கத்தல். துரை ஒரு கணம் அவரைப் பார்த்தது. பிறகு மெல்லத் திரும்பி, சுவரைப் பார்த்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தது. அதற்கப்புறம் ரெண்டு மூணு நாள் அவர் கையிலிருந்து ஒரு விதை வாங்கவில்லை. அவர் பக்கம் வந்தாலே திரும்பிக்கொண்டது. இப்படி ஒரு தண்டனையை மாஸ்டர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. திட்டினால் அழுவார்கள், முறைப்பார்கள், மறுநாள் திரும்பி வருவார்கள். இது வரவில்லை. கடைசியில் சூரியகாந்தி விதையைத் தோல் நீக்கி நீட்டி, "சரிப்பா, தப்புதான், இனிமே இல்ல" என்று கெஞ்சிய பிறகுதான் இறங்கி வந்தது. அந்த வார்த்தைகளை அவர் வாயிலிருந்து முதலில் கேட்ட ஜீவன் துரைதான்.

இத்தனை இம்சைக்கும் ஈடுகட்டுகிற ஒரு நேரம் உண்டு. சாயங்காலம் மாஸ்டரம்மா மாடிப்படி ஏறும்போதே, காலிங்பெல்லுக்கு ரொம்ப முன்னாலேயே, துரைக்குத் தெரிந்துவிடும். அந்தக் காலடிக்கென்று தனியாக ஒரு விசில் வைத்திருந்தது. கீழிருந்து மேலே இழுத்து, கடைசியில் ஒரு சுழி. கூண்டைத் திறந்ததும் அவள் தோளில் ஏறித் தலையைக் குனிந்துகொள்ளும். அவள் விரலால் கொண்டைக்குக் கீழே வருடியபடியே அன்றைக்குக் கடையில் நடந்ததையெல்லாம் அதனிடம் சொல்லுவாள். இருமல் மருந்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் பாட்டிலில் பாதியைக் குடித்திருந்தது, முதலாளி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கடை முழுக்கத் தேடியது. மாஸ்டர் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்டுச் சிரிப்பார். தன் மனைவி இவ்வளவு வேடிக்கையாகப் பேசுவாள் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

துரை டீச்சர் வீட்டிலிருந்து வரும்போது அதன் இறக்கை நுனி கத்தரித்திருந்தது. தத்தித் தத்தித்தான் நடக்கும். சில மாதத்தில் பழைய சிறகு உதிர்ந்து புதுச் சிறகு முளைத்தது. அது யாருக்கும் உறைக்கவில்லை, ஒருநாள் சாயங்காலம் மாஸ்டரம்மாவின் தோளிலிருந்து சடாரென்று அது கிளம்பும் வரைக்கும். ஹாலுக்குக் குறுக்கே குண்டு மாதிரி போய், திரைச்சீலைக் கம்பியைத் தாண்டி, சுவரில் மோதி, சோபாவுக்குப் பின்னால் விழுந்தது. மாஸ்டரம்மா ஓடிப்போய் அதை எடுத்தாள்.

"ஃபேன் ஓடிக்கிட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றாள், அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "பறவைக்கடையில குடுத்தா ஒரு நிமிஷத்துல வெட்டி விட்டுடுவாங்களாம். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போயிடுங்க."

"வெட்டணுமா என்ன?"

"பின்ன? ஒருநாள் ஜன்னல் வழியா போயிடுச்சுன்னா நான் எங்க போய்த் தேடுவேன்?"

மாஸ்டர் அப்போது தலையாட்டிவிட்டார். அவர் கண்ணில் நின்றது வேறு. சுவரில் மோதுவதற்கு முன்னால் அந்தக் கடைசி நொடியில் துரை வாலை விரித்துத் திரும்ப முயன்றதை அவர் கவனித்திருந்தார். எத்தனையோ பேருக்கு முதல்நாள் வண்டியைக் கையில் கொடுத்தவர் அவர். யாருக்கு ஓட்டம் வரும், யாருக்கு வராது என்பது ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதே தெரிந்துவிடும். இந்தப் பயலுக்கு வரும். சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

"சக்கரத்தைக் கழட்டி வச்சுட்டு ஆக்சிடெண்டே ஆகலைன்னு பெருமைப்படுற மாதிரி இருக்கு" என்று கூண்டிடம் முணுமுணுத்தார். மனைவியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. ஃபேன் விஷயத்தில் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் அந்த ஞாயிறு காருக்கு சர்வீஸ் என்றார். அடுத்த ஞாயிறு தலைவலி என்றார். அதற்கடுத்த ஞாயிறு கடை பூட்டியிருந்தது என்றார். இப்படியே மாதக்கணக்கில் தள்ளிப்போட்டார். இறக்கை தப்பவேண்டும் என்றால் ஒரே வழிதான். துரை ஒழுங்காகப் பறந்து, கூப்பிட்டால் கைக்கு வந்து இறங்குவதை அவள் கண்ணாலேயே பார்க்கவேண்டும். பார்த்துவிட்டால் வெட்டச் சொல்ல அவளுக்கு மனசு வராது.

காலை பேட்ச் முடிந்து மாலை பேட்ச் ஆரம்பிக்கும்வரை மாஸ்டருக்கு ஓய்வு. மனைவி கடையில் இருப்பாள். அந்த மத்தியான வேளையில் வகுப்பு ஆரம்பமானது. முதல் காரியமாக ஃபேன் சுவிட்சின் மேல் டேப் ஒட்டுவார். ஜன்னல் கண்ணாடியில் மோதாமல் இருக்கத் திரையை இழுத்துவிடுவார். துரையை ஃப்ரிட்ஜ் மேல் விட்டுவிட்டு, நாலு எட்டுத் தள்ளி நின்று, கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி, நாக்கால் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம் கொடுப்பார். கையில் ஒரு சூரியகாந்தி விதை.

ஆரம்பத்தில் துரை ஃப்ரிட்ஜ் மேல் உட்கார்ந்து காந்தத்தில் ஒட்டியிருந்த கரண்ட் பில்லைத் தின்றது. பிறகு ஒருநாள் கிளம்பியது, கிளம்பி அவரைத் தாண்டிப்போய்ச் சுவரில் முட்டியது. மறுநாள் அலமாரியில் முட்டியது. அதற்கு மறுநாள் அவர் முகத்திலேயே முட்டியது. ஒவ்வொரு தடவையும் மாஸ்டரின் வாய் பழக்கதோஷத்தில் திறக்கும். 'கண்ணு எங்க இருக்கு, பிடரியிலயா' என்பது நாக்கு நுனிவரை வந்துவிடும். உடனே அந்த முதுகு ஞாபகம் வரும். வாயை மூடிக்கொண்டு, குனிந்து எடுத்து, நெஞ்சு படபடவென்று அடிப்பது நிற்கும்வரை உள்ளங்கையில் வைத்திருப்பார். "பரவால்ல" என்பார். "பரவால்ல, பரவால்ல. இன்னொரு தடவை பார்ப்போம்." இவ்வளவு பொறுமையும் மத்தியானமே தீர்ந்துவிடுவதால் மாலை பேட்ச்சுக்கு அவரிடம் ஒரு சொட்டுகூட மிச்சம் இருக்காது. அந்த மாதங்களில் அவரிடம் சேர்ந்தவர்கள் பாவம் செய்தவர்கள்.

மெல்ல மெல்லத் துரைக்குப் பிடிபட்டது. ஃப்ரிட்ஜிலிருந்து கைக்கு, கையிலிருந்து கதவுச் சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து பீரோவுக்கு, அங்கிருந்து மறுபடி கைக்கு. வளைவில் உடம்பைச் சாய்க்கக் கற்றுக்கொண்டது. கடைசியாகப் பிரேக்கும் வந்தது. கைக்கு அருகில் வந்ததும் வாலை விசிறியாக விரித்து, நெஞ்சை நிமிர்த்தி, இறக்கையை முன்னால் அடித்து, பூ விழுகிற மாதிரி வந்து உட்கார்ந்தது. மாஸ்டருக்குக் கை தட்டவேண்டும்போல் இருந்தது. ஒரு கையில் துரை இருந்ததால் தொடையில் தட்டிக்கொண்டார்.

மாஸ்டரம்மா அந்த வாரம் பொறுமையிழந்தாள். "இந்த ஞாயித்துக்கிழமை நீங்க வரலைன்னா நானே பஸ்ஸுல எடுத்துட்டுப் போய் வெட்டிட்டு வந்துடுறேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள். மாஸ்டரும் தயார்தான். சனிக்கிழமை அவள் மாலை பேட்ச்சுக்கு முன்னாலேயே வந்துவிடுவாள், வந்ததும் சோபாவில் உட்காரவைத்து வேடிக்கை காட்டிவிடுவது என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை பேட்ச் முடிந்து வந்து ஒத்திகை பார்த்தார். ஒரு பிழை இல்லை. அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. தொழில் புத்தி என்று ஒன்று இருக்கிறதே, அது விடவில்லை. மைதானத்தில் எட்டுப் போட்டவனை அடுத்து என்ன செய்வார்கள்? ரோட்டுக்குக் கூட்டிப்போவார்கள். நாலு வண்டியைப் பார்க்கட்டும், நாலு ஹாரனைக் கேட்கட்டும், பயம் தெளியட்டும் என்பார்கள். மாஸ்டரும் அப்படித்தான் நினைத்தார். ஓட்டச் சொல்லப்போவதில்லை, சும்மா டிராஃபிக்கைக் காட்டிவிட்டு வந்துவிடலாம். துரையைத் தோளில் வைத்துக்கொண்டு பால்கனிக் கதவைத் திறந்தார்.

துரை அவர் காதோடு ஒட்டிக்கொண்டு கீழே பார்த்தது. "அது லாரி" என்று மாஸ்டர் ஆரம்பித்தார். லாரி ஹாரன் அடித்தது. தோளில் இருந்த கனம் போய்விட்டது.

ஒரு வட்டம். அந்த வட்டத்தைப் பார்த்து அந்த நிலையிலும் அவருக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது. பிறகு துரை உயர்ந்தது, இன்னும் உயர்ந்தது, எதிர்க் கட்டிடத்து மொட்டைமாடியில் நின்ற ஆன்டெனாக் கம்பியின் உச்சியில் போய் உட்கார்ந்தது.

மாஸ்டர் செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார். கையை நீட்டி 'டொக் டொக்' என்றார். மேலிருந்து ஒரு விசில் வந்தது. துரை வரவில்லை. அதற்குள் கீழே ஒரு கும்பல் கூடிவிட்டது. எதிர்க் கட்டிடத்து வாட்ச்மேன் கூண்டைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். இஸ்திரி போடுகிறவர் தண்ணீர் பீய்ச்சச் சொன்னார். ஃபயர் சர்வீசுக்குப் போன் போடலாமா என்று ஒரு அம்மா கேட்டார். கும்பலில் பழைய மாணவர் ஒருவர் இருந்தார், மாஸ்டரிடம் வாங்கியதை வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்க அவருக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

"மாஸ்டர், உங்க பக்கத்துப் பிரேக்கைப் போடுங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டருக்கு மூக்கு உடைந்தது. அந்தக் கோபத்தில் மேலே பார்த்து, "டேய், இறங்குடா கீழ" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஆன்டெனா உச்சியில் கொண்டை நிமிர்ந்தது. துரை திரும்பி, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. இரண்டு காக்கைகள் வந்து பக்கத்துச் சுவரில் இறங்கி அதை ஒரு மாதிரி பார்த்தன.

மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் துரை தானாகவே திரும்பியது. கம்பியில் முன்னால் சாய்ந்தது, இறக்கையைப் பாதி விரித்தது, கீழே பார்த்தது, மறுபடி மடக்கிக்கொண்டது. மறுபடி சாய்ந்தது, மறுபடி மடக்கிக்கொண்டது. அவருக்கு அந்தச் சாயல் நன்றாகத் தெரியும். பாலத்து உச்சியில் வண்டி நின்றுபோனால் புதிதாக ஓட்டுகிறவர்கள் இப்படித்தான் உறைந்து போவார்கள். அதற்கு வர ஆசைதான். வரத் தெரியவில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஃப்ரிட்ஜ், கதவுச் சட்டம், பீரோ, தோள் உயரத்தில் நீட்டிய கை. குனிந்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் என்பதால் கையை ஒருநாளும் கீழே இறக்கியதில்லை. எல்லாம் ஒரே மட்டம். திருப்பம் சொல்லிக்கொடுத்தார், பிரேக் சொல்லிக்கொடுத்தார், இறக்கத்தைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

மனைவிக்குப் போன் செய்யாமல் தீராது. கூண்டுக் கதவு தானாகத் திறந்துகொண்டது என்று சொல்லலாமா என்றும் யோசித்தார்.

"துரை வெளிய போயிடுச்சு" என்றார்.

"எங்க இருக்கு?" என்றாள்.

"எதிர் மாடி ஆன்டெனால."

"அதையே பார்த்துக்கிட்டு இருங்க. கண்ணை எடுத்துடாதீங்க. வர்றேன்."

அவள் வருவதற்கு நேரமானது. ஊரில் பாதிப் பெண்கள் அவரிடம் பழகிவிட்டுக் காரில் பறக்கிறார்கள், அவர் பெண்டாட்டி மட்டும் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அந்தக் காத்திருப்பு மாஸ்டருக்கு ஒரு யுகமாக இருந்தது. மாலை பேட்ச்சுக்கு வந்த பெண்ணைத் திட்டாமல் திருப்பி அனுப்பினார், அவள் கலவரப்பட்டுப் போனாள்.

மாஸ்டரம்மா வந்தாள். மேலே பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. எப்படிப் போச்சு, யார் கதவைத் திறந்தது, ஒன்றும் கேட்கவில்லை. "தண்ணி குடிச்சுதா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பதில் அவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் தேவலை என்று மாஸ்டருக்கு இருந்தது.

"நம்ம மொட்டைமாடிக்குப் போயிடலாம்" என்றார். "தண்ணித் தொட்டி மேல ஏறினா அது உட்கார்ந்திருக்கிற உசரம் வரும். கீழ இறங்க அதுக்குத் தெரியாது. நேரா வரத் தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் அதற்குள் படி ஏற ஆரம்பித்திருந்தார். இரும்பு ஏணியைப் பிடித்து இருவரும் தொட்டிமேல் ஏறி நின்றார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இருட்டிவிட்டால் காக்கைகள் போய்விடும், ஆந்தை வரும். மாஸ்டரம்மா வழியில் வீட்டிலிருந்து எடுத்து வந்த துண்டை மார்போடு பிடித்துக்கொண்டு, "துரை" என்று கூப்பிட்டாள். எதிரிலிருந்து அந்தக் காலடி விசில் வந்தது, கீழிருந்து மேலே இழுத்து, கடைசியில் சுழி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடி கூப்பிட்டாள். துரை சாய்ந்தது, தவித்தது, வரவில்லை. அது வந்து பழகிய அழைப்பு வேறு.

கையை நீட்டினால் குட்டு உடைந்துவிடும். இவள் முதுகுக்குப் பின்னால் இத்தனை நாள் நடத்திய திருட்டு வகுப்பு வெளியே வந்துவிடும். மாஸ்டர் ஒரு நிமிஷம் தயங்கினார். பக்கத்தில் அவள் உதடு நடுங்குவதைப் பார்த்தார். கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி, 'டொக் டொக்' என்றார்.

துரை கிளம்பியது. இரண்டு கட்டிடத்துக்கும் நடுவே நேர்க்கோட்டில் வந்தது. காற்று தூக்கிவிட்டதில் கையைப் பிடிக்கமுடியாமல் அவர் தலைக்கு மேலே தாண்டிப் போய்விட்டது. மாஸ்டரம்மா மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"பரவால்ல" என்றார் மாஸ்டர், வானத்தைப் பார்த்து, தாலாட்டுகிற குரலில். "பரவால்ல, பரவால்ல. பயப்படாத. இன்னொரு சுத்து வா. மெதுவா வா."

மனைவி வானத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். துரை அகலமாக ஒரு வட்டம் போட்டு, சாய்ந்து திரும்பி, வாலை விசிறியாக விரித்து, நெஞ்சை நிமிர்த்தி, அவர் முன்கையில் வந்து உட்கார்ந்தது. உடனே விதை எங்கே என்று கையைக் கொத்தியது. மாஸ்டரம்மா அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

வீட்டுக்குள் வந்து துரையைக் கூண்டில் விட்டாள். அது மடக் மடக்கென்று தண்ணீர் குடித்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு டிராயரைத் திறந்து கத்திரிக்கோலை எடுத்து வந்து சோபாவில் உட்கார்ந்தாள்.

"வெட்டிடு" என்றார் மாஸ்டர். "நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். என் தப்புதான்."

"எத்தனை நாளா நடக்குது?"

"மூணு நாலு மாசம் இருக்கும். மத்தியானத்துல."

"எத்தனை தடவை முட்டியிருக்கும்?"

"அதுக்கு ஏது கணக்கு. முட்டாத இடமே கிடையாது இந்த வீட்டுல."

"திட்டினீங்களா?"

மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "இல்ல."

"ஏன்?"

"இதைத் திட்டினா முதுகைக் காட்டி உட்கார்ந்துடும். அப்புறம் வராது."

மாஸ்டரம்மா கத்திரிக்கோலை விரலில் மாட்டி ஒருமுறை திறந்து மூடினாள்.

"நான் ஒரே ஒரு தடவைதான் காரைக் கேட்டுல இடிச்சேன்" என்றாள்.

மாஸ்டருக்கு எந்த கேட் என்று சட்டென்று பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. அந்தக் காரை வாங்கிய புதிதில் அவளும் ஆசையாகக் கேட்டு, அவரும் ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, ஒரு காலை நேரம் நாலு தெரு சுற்றி வந்தார்கள். நன்றாகத்தான் ஓட்டினாள். கட்டிட வாசலில் திருப்பும்போது பக்கவாட்டுக் கண்ணாடி கேட்டில் இடித்து உடைந்தது. கேட்டிலிருந்து மூன்றாவது மாடிவரை அவர் வாய் ஓயவில்லை. வாட்ச்மேன் காதில் விழுந்தது, படியில் எதிரே வந்தவர்கள் காதிலும் விழுந்தது. அவள் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் வந்து, எதுவும் நடக்காத மாதிரி, அவருக்குச் சாப்பாடு போட்டாள். மறுநாளிலிருந்து பஸ்ஸில் போனாள். அவளுக்கு வண்டியில் நாட்டம் இல்லை என்று மாஸ்டர் தானாகவே முடிவுகட்டிக்கொண்டு, அதைப் பலபேரிடம் சொல்லியும் இருந்தார்.

"நானும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கணும்" என்றாள் அவள், கோபமே இல்லாமல். "திட்டினாலும் நான் வந்துடுவேன்னு உங்களுக்குத் தெரியும்."

மாஸ்டருக்கு வெட்கமாக இருந்தது. எத்தனையோ பேரை அழவைத்தபோது வராத வெட்கம் அது. கூண்டிலிருந்து 'பீப் பீப்' என்று சத்தம் வந்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நாளைக்குக் காலையில வண்டியை எடுக்கலாம்" என்றார் கடைசியில். "நீ ஓட்டு. நான் வாயே திறக்கமாட்டேன்."

"அவசரம் ஒண்ணும் இல்ல." அவள் எழுந்துபோய்க் கத்திரிக்கோலை டிராயரில் போட்டு மூடினாள். "முதல்ல இதுக்குக் கீழ இறங்கச் சொல்லிக்குடுங்க. குனிஞ்சு நின்னு, ஒழுங்கா. அதுவரைக்கும் பால்கனிக் கதவு சாவி என்கிட்ட இருக்கும்."

"சரி."

"நான் இங்க சோபாவுல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருப்பேன்."

"நீ எதுக்கு? அது நல்லாத்தான் கத்துக்கும்."

"அதைப் பார்க்க இல்ல. நான் பக்கத்துல இருக்கும்போதும் உங்களுக்குத் திட்டாம இருக்க வருதான்னு பார்க்கணும்" என்றாள் மாஸ்டரம்மா. "பார்த்துட்டுத்தான் உங்க வண்டியில ஏறுறதா வேணாமான்னு சொல்லுவேன்."